கேள்வி பதில்: நாற்காலிமேல் ஏறிச் சொன்ன பாட்டு

கேள்வி: நாங்கள் 1980களில் விடுதிப் பள்ளியில் படித்தவர்கள். வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கிலீஷ் சாரிடம் போய்த்தான் நிற்கிறது. எங்களை டாக்டரும் இன்ஜினீயரும் ஆக்கியவர்கள் கணக்கு சாரும் பிசிக்ஸ் சாரும். அவர்களை ஏன் ஒருவரும் நினைப்பதில்லை?
- கோ.செ., தாராபுரம்

பதில்: கணக்கு சார் தந்ததை மார்க் ஷீட்டில் வரவு வைத்துக் கணக்கை முடித்துவிட்டீர்கள். இங்கிலீஷ் சார் தந்ததில் பாதி பரீட்சைக்கு வராதது. அது இன்னும் தீராமல் கிடக்கிறது.

இங்கிலாந்தில் ஃபிராங்க் மெக்எக்ரன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். பையன்களுக்கு அவர் 'கெக்'. 1924இல் கிரெஷாம்ஸ் பள்ளியில் சேர்ந்தார், 1935இல் ஷ்ரூஸ்பரி பள்ளிக்குப் போனார். இரண்டும் விடுதிப் பள்ளிகள். அவர் வகுப்பில் பையன் நாற்காலிமேல் ஏறி நின்று சில வரிக் கவிதையை மனப்பாடமாக முழங்க வேண்டும். பொருளெல்லாம் அப்புறம். ஆங்கிலம்தான் என்றில்லை, வேற்று மொழி வரிகளும் வரும். காதில் விழுந்ததும் ஆளை உலுக்குகிறதா, அதுதான் அவருக்குக் கணக்கு. அந்தத் துணுக்குகளுக்கு 'ஸ்பெல்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். 1955இல் அதே பெயரில் புத்தகமாகவும் போட்டார். பொருள் தெரியாமலே திருப்புகழ் பாடி வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதை ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வகுப்பறையில் செய்ததுதான் விசேஷம்.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிற பள்ளியாக இருந்தால் அந்த வரி பஸ்ஸிலேயே தொலைந்துபோயிருக்கும். விடுதியில் அப்படியில்லை. குளிக்க வாளியோடு நிற்கும் வரிசையில் ஒருத்தன் ஆரம்பிப்பான், மெஸ்ஸில் இன்னொருத்தன் முடிப்பான். அத்தனை பேருக்கும் ஒரே வரி. குழுவில் நீங்கள் இன்றைக்குச் செய்வதும் அதேதான் என்று நினைக்கிறேன்.

விடுதி என்றாலே பிற்காலத்தில் எல்லாம் இனிக்கும் என்பாரும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷ்ரூஸ்பரியில் கெக்கிடம் படித்த பத்திரிகையாளர் பால் ஃபுட் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்தவர். அதே பள்ளியில் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசிய தன் ஹவுஸ்மாஸ்டரை (விடுதிப் பொறுப்பாசிரியரை), பின்னாளில் 'பிரைவேட் ஐ' பத்திரிகையில் தோலுரித்ததும் அவர்தான். பழைய மாணவர்களுக்கு ஞாபகமும் உண்டு, தராதரமும் தெரியும்.

கேள்வி: எங்கள் ஆசிரியருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை நினைவு மலரில் போடலாமா? மரியாதைக் குறைவு என்கிறார் செயலாளர்.
- ந.பா., காரைக்குடி

பதில்: ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1932 முதல் 1935 வரை இங்கிலாந்தின் கோல்வால் ஊரில் டவுன்ஸ் பள்ளி என்ற விடுதிப் பள்ளியில் பாடம் நடத்தினார். பையன்கள் அவரை 'அங்கிள் விஸ்' என்றார்கள். இலக்கியச் சரித்திரத்தில் அப்படியே பதிவாகிவிட்டது, யாருக்கும் குறை வந்துவிடவில்லை. சாரின் மனைவி படித்தால் சிரிப்பார் என்றால் போடுங்கள். முகம் சுளிப்பார் என்றால் செயலாளர் சொல்வது சரி.

கேள்வி: பெரிய எழுத்தாளர் என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார்தானே?
- ஜெ., நாகர்கோவில்

பதில்: அப்படி ஒன்றும் சட்டமில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி முதல் உலகப்போர் சமயத்தில் ஈட்டன் என்ற இங்கிலாந்து விடுதிப் பள்ளியில் பாடம் எடுத்தார். கண்பார்வை மிக மோசம், வகுப்பை அடக்கத் தெரியாது. பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் ஆன பையனும் அங்கே மாணவன். ஹக்ஸ்லியின் பார்வைக் குறையை வைத்து மற்றவர்கள் ஆடிய ஆட்டம் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று, உடன் படித்த வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ரன்சிமன் சொல்லியிருக்கிறார். அபூர்வமான சொற்களில் ருசி உண்டாக்கியவர் ஹக்ஸ்லி என்றும் ரன்சிமனேதான் சொன்னார். வகுப்பில் தோற்றாலும் பையன்களிடம் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு மலர் போடுகிறோம். வருகிற கட்டுரை எல்லாம் 'ஏணி', 'மெழுகுவத்தி' என்றே இருக்கிறது. என்ன செய்ய?
- விடுதிப் பழைய மாணவிகள், திண்டுக்கல்

பதில்: ஏணியையும் மெழுகுவத்தியையும் எடிட்டர் தயங்காமல் அடிக்கலாம். நானும் விடுதியில் வளர்ந்தவள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்கு இங்கிலீஷில் இன்லண்டு லெட்டர் எழுத வேண்டும். வெறும் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினால் எங்கள் சார் திருப்பித் தந்துவிடுவார். அந்த வாரம் கண்ணால் கண்டது ஒன்றாவது இருந்தாக வேண்டும். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஊர் போஸ்ட் மாஸ்டர்தான் படித்துச் சொல்வார். மெஸ் உப்புமாவில் ரப்பர் பேண்ட் கிடந்த கதை அப்படித்தான் கடைத்தெரு வரைக்கும் போனது. லீவுக்குப் போனால் டீக்கடைக்காரர் விசாரிக்கிறார், "இப்ப உப்புமா எப்படிம்மா இருக்கு?"

உங்கள் மாணவிகளிடமும் கட்டுரை கேட்காதீர்கள். மிஸ் எந்தப் பாடத்தை எந்தக் குரலில் படித்தார், கோபம் வந்தால் கையில் இருந்ததை என்ன செய்வார், ஸ்டடி ஹவரில் தூங்கினவளை எப்படி எழுப்புவார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆளுக்குப் பத்து வரி போதும். எழுத வராது என்பவளுக்குப் போன் போடுங்கள், அவள் பேசப் பேச ஒருத்தி எழுதிக்கொள்ளட்டும். அச்சுக்குப் போகும் முன் மிஸ்ஸிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பிழை திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.