36 வயதில் பல்லுக்குக் கம்பி: சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பிடித்தம் போக 26,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் எங்கள் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். இலை நன்றாக வரும் மாதத்தில் 10,000 வரை மிஞ்சும், பனிக்காலத்தில் 2,000 மிஞ்சினாலே பெரிது. வீட்டுச் செலவு 24,000. வங்கியில் வைப்புத்தொகை 1,40,000, நகைக்கடன் 60,000. மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு முடிய இன்னும் 8 மாதம் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. மேல் முன்பற்களின் நடுவில் உள்ள சந்து மூன்று வருடமாக அகன்றுகொண்டே போகிறது. துலக்கும்போது சில நாள் ரத்தம் வருகிறது. கோவையில் அலைனருக்கு, அதாவது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைக்கு, 1,90,000 கேட்டார்கள். ‘வட்டியில்லாத் தவணை’, மாதம் 7,917 வீதம் 24 மாதம். குன்னூரில் ஸ்டீல் கம்பிக்கு 55,000. முதலில் 15,000, பிறகு மாதம் 2,000 வீதம் 20 மாதம். சீட்டை இப்போதே ஏலத்தில் தள்ளி எடுத்து அலைனர் போட்டுக்கொள்ளட்டுமா? ‘இந்த வயசுல எதுக்கு’ என்கிறார் மாமியார். 11 வயது மகளுக்கும் பல் தூக்கலாக இருக்கிறது.

பதில்: வயது ஒரு தடையே இல்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் 50 வயதிலும் பல் நகரும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது வேறு. சின்ன வயதிலிருந்தே இருக்கும் சந்து ஒரு வகை. முப்பதைத் தாண்டிய பிறகு அகலும் சந்து, கூடவே ரத்தம் என்றால், ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் பிடிமானம் இழந்து நகர்கிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். ஈறு வீங்கியிருக்கும்போது கம்பியோ அலைனரோ போட்டுப் பல்லை இழுத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். 1,90,000 செலவழித்துப் பல்லை ஆட வைத்துக்கொண்டதாக முடியும். அதனால் உங்கள் முதல் ரூபாய் ஈறுக்குப் போக வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6 என்று வந்தால் பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங் மட்டும் போதாது, வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது. சுத்தம் செய்து இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, ரத்தம் நின்ற பிறகுதான் கம்பிப் பேச்சு. இதற்கு வைப்புத்தொகையிலிருந்து 10,000 ஒதுக்குங்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் இந்தச் சமயத்திலேயே அடைத்துவிடலாம்.

இனி அந்த ‘வட்டியில்லாத் தவணை’. வட்டியில்லாமல் யாரும் கடன் தருவதில்லை. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். கிளினிக்கில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘மொத்தமாக இன்றைக்கே கட்டினால் எவ்வளவு?’ 1,70,000 என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,917 வீதம் 24 மாதம் கட்டும்போது வருடத்துக்குச் சுமார் 11 சதவீத வட்டி அதில் இருக்கிறது. அதோடு 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம் பிடித்தால் 3,800, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 684. இதையும் சேர்த்தால் வட்டி பதிமூன்றரை சதவீதம். 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். அதில் ஆண்டு மொத்த வட்டி விகிதம் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள்.

வட்டியைவிடப் பெரிய ஆபத்து, பணம் முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடுவது. வேலையோ இரண்டு வருட வேலை. நடுவில் கிளினிக் மூடினாலும், மருத்துவர் மாறினாலும், உங்களுக்குப் பிடிக்காமல் நிறுத்தினாலும் கடன்காரர் தவணை கேட்டுக்கொண்டே இருப்பார். கட்டாவிட்டால் அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் போகும். அமெரிக்காவில் வீட்டுக்கே அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள், தவணையில் சேர்ந்தவர்கள் மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. பல் நகர நகரத்தான் பணமும் நகர வேண்டும். குன்னூர்க்காரர்கள் சொன்ன முறையில் அந்தப் பாதுகாப்பு தானாகவே இருக்கிறது: சிகிச்சை நின்றால் உங்கள் பணமும் அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் வரவும் இந்தத் தவணைக்கு ஒத்துவராது. பனி மாதத்தில் 28,000 வரவு, வீட்டுச் செலவும் சீட்டும் சேர்த்து 29,000. கடன் இல்லாமலேயே 1,000 துண்டு விழுகிறது. 7,917 சேர்ந்தால் கிட்டத்தட்ட 9,000 துண்டு. பசுந்தேயிலை விலை எந்த மாதம் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தவணைத் தேதியோ மாறாது.

அதற்காக 55,000 என்பது 55,000-தான் என்றும் நினைக்காதீர்கள். குன்னூருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை என 22 தடவை போக வேண்டும். அரை நாள் சம்பளம் 500, பேருந்து, டீ 150 என்று வைத்தாலும் 14,300. ஈறு வேலைக்கு 10,000. பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் கழன்றால் மறுபடி ஒட்ட, தேவைப்பட்டால் பல் எடுக்க, கடைசியில் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் செய்ய இன்னொரு 10,000. ஆக மொத்தம் 90,000 என்று மனதில் வையுங்கள். அலைனருக்கு நடை குறையும், உண்மை. ஆனால் தினமும் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு டீக்கும் கழற்றி, கொப்பளித்து, மறுபடி மாட்ட வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று உங்களுக்கே தெரியும். நேரம் குறைந்தால் பல் நகராது, புது செட் செய்ய வேண்டி வரும்.

சீட்டை இப்போது தள்ளி எடுக்க வேண்டாம். ஏலத்தில் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அது நீங்கள் கொடுக்கும் வட்டி. எப்படியும் ஈறு ஆறுவதற்குச் சில மாதம் தேவை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சீட்டும் முடிந்துவிடும். கமிஷன் 5 சதவீதம் என்று வைத்தால், கடைசியாக எடுக்கும்போது அது போக 95,000 வரும். அதில் முதல் வேலை நகையைத் திருப்புவது. மிச்சத்தில் 15,000 கம்பிக்கு முன்பணம். சீட்டு முடிந்ததும் பனி மாதத்திலும் 4,000 மிஞ்சும்: 2,000 மருத்துவருக்கு, 650 நடைக்கு, 1,000 மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பான ஆர்.டி.க்கு. துண்டு விழாது. 20 மாதத்தில் அந்த ஆர்.டி. 20,000 ஆகி, ரீடெய்னர் செலவைத் தாங்கும். வைப்புத்தொகையில் மூன்று மாதச் செலவான 72,000-ஐ மட்டும் எதற்காகவும் தொடாதீர்கள்.

அதற்கு மேலுள்ள தொகை மகளுக்கு. உங்கள் பல் ஒரு வருடம் கழித்தும் இதேபோல நகரும். அவளுடைய தாடை எலும்பு அப்படிக் காத்திருக்காது. தூக்கலுக்குக் காரணம் தாடை வளர்ச்சி என்றால், வளரும் வயதில்தான் அதை எளிதாகத் திருத்த முடியும். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் சீக்கிரமே முடிந்துவிடும். மருத்துவர் அவளுக்கு உடனே வேண்டும் என்றால் தயங்காமல் அவளுக்கு முதலில் செய்யுங்கள். வெறும் பல் வரிசைதான் என்றால் அவசரம் இல்லை.

குன்னூரில் சேருமுன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். மலை ஊர்களில் கம்பி போடும் நிபுணர் பெரும்பாலும் கீழிருந்து குறிப்பிட்ட நாளில் வந்து போகிறவராக இருப்பார். அவர் பல் சீரமைப்பில் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு படித்தவரா, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் அவர் பதிவு எண் என்ன, அவர் வருவது நின்றால் யார் தொடர்வார்கள் என்று கேளுங்கள். 20 மாதம் தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டா, ரீடெய்னர் இந்த 55,000-க்குள் வருகிறதா என்பதும் தாளில் இருக்கட்டும். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். எக்ஸ்ரே, பல் அச்சு எல்லாவற்றுக்கும் நகல் உங்களிடம் இருந்தால்தான் வேறு மருத்துவரிடம் போக முடியும்.

கோவை, நாமக்கல் பக்கமுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு. பேராசிரியர் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர் செய்வார். அந்தப் படிப்பு மூன்று வருடம். முதல் வருட மாணவரிடம் சேர்ந்தால் ஒருவரே முடித்துத் தர வாய்ப்பு அதிகம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் சம்பளம் போகும், அதைக் கூட்டிப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டாலன்றி பெரும்பாலான பாலிசிகள் பல்லுக்குத் தருவதில்லை.

மழை மாதங்களில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஒரு சந்திப்பு தவறுவது பெரிய குற்றமில்லை. மாதக்கணக்கில் தவறினால்தான் சிகிச்சை நீளும். கம்பி குத்தினால் வைக்க மெழுகைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சுற்றுலாக் கூட்டம் நிறையும் மே சீசனில் சனி, ஞாயிறு நேரம் வாங்காதீர்கள். கேரட், பேரிக்காயை நறுக்கித்தான் தின்ன வேண்டும். கடித்தால் பிராக்கெட் கழன்று ஒரு நடை கூடும். கம்பி கழற்றிய பின் இரவில் ரீடெய்னர் பல வருடம் போட வேண்டும். ஈறு பலவீனமானவர்களுக்குப் பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவதும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். போகும்போது மகளையும் கூட்டிப் போனால் ஒரே நடையில் இரண்டு பேருக்கும் பார்த்துவிடலாம்.