கடிதம்: ஒரே கல்லில் சுட்டது

அன்புள்ள சார்,

ஒரு வருடமாக வீகன், விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை. ஆபீஸ் நண்பர்களோடு பர்கர் கடைக்குப் போனால் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்குவேன். கறி விற்கிற கடைக்குக் காசு கொடுக்கிறோமே என்று உறுத்துகிறது. எல்லாம் ஒரே கல், ஒரே கரண்டி என்று நினைத்தால் அருவருப்பும் வருகிறது. பேசாமல் சைவ ஓட்டலோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

ர., சென்னை

அன்புள்ள ர.,

காசு விஷயத்தை விடுங்கள். நீங்கள் பருப்பு வாங்கும் சூப்பர் மார்க்கெட்டிலும் கோழி இருக்கிறது. வறுவலைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அந்தக் கல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2019-ல் வீகன் ஒருவர் பர்கர் கிங் மீது வழக்குப் போட்டார். சோயாவில் செய்த இம்பாசிபிள் வாப்பர் என்ற பர்கரை இறைச்சி வாட்டும் அதே அடுப்பில் வாட்டிக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருடம் தள்ளுபடி ஆனது. சரி, தனி அடுப்பு வைத்திருந்தால் எந்த மாடு பிழைத்திருக்கும்? மெக்டொனால்ட்ஸ் அங்கே தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே வறுவலில் மாட்டிறைச்சிச் சாரம் சேர்த்து, 2002-ல் ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்ததே, அது வேறு, அது ஏமாற்று. கரண்டி பட்டுவிட்டது என்று உடம்பு கூசுவதற்கு நம் ஊரில் தீட்டு என்று பழைய பெயர் இருக்கிறது, அதற்குப் போய் கருணை என்று புதுப்பெயர் வைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியில்தான். சைவ ஓட்டலா? நெய் ரோஸ்ட், பன்னீர், டிகிரி காப்பி எல்லாம் எங்கிருந்து வருகின்றன? பால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது, ஆனால் அந்தப் பாலுக்காகப் பிறந்த காளைக்கன்று எங்கே போனது என்று அதில் போட்டிருக்காது. (எனக்கு மட்டும் என்ன யோக்கியதை, இதை எழுதும்போது பக்கத்தில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.)

எங்கள் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. போட்டது காளைக்கன்று. அதற்கு யாரும் வயிறாரப் பால் விடவில்லை, இருபது நாளில் செத்தது. தோலை உரித்து உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, நாலு குச்சியைக் காலாக்கிக் கொண்டுவந்தார்கள். விடியற்காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பசுவின் முகத்துக்கு நேரே நிறுத்துவது என் வேலை, எனக்கு ஒன்பது வயது. கனமே இருக்காது. பசு அதை நக்கும், மடி சுரக்கும், அம்மா கறப்பாள். நக்கி நக்கிக் காதோரம் மயிர் உதிர்ந்து, தையல் விட்டு வைக்கோல் வெளியே வந்துவிட்டது. பசு அந்த வைக்கோலை இழுத்து மென்றது. அம்மா என்னைப் பார்த்து, ‘டேய், திருப்பிப் பிடிடா’ என்றாள்.

என்ன கேட்டிருந்தீர்கள், வறுவலா? சைவ ஓட்டலில் தோசை சொல்லும்போது நெய் வேண்டாம் என்று சொல்கிறீர்களா, சர்வர் என்ன முகம் காட்டுகிறார்? அதை எழுதுங்கள்.