கட்டுப் பிரித்த பிறகு

வணக்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியில் பாதியில் விலகியது சரி என்று நீங்கள் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் கணுக்காலில் அடிபட்ட இன்னொரு அமெரிக்க வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் இரண்டாவது முறையும் ஓடிவந்து, கையூன்றித் தாவும் 'வால்ட்' மேசையைத் தாண்டி, ஒற்றைக் காலில் நின்றதை டிவியில் பார்த்து அழுதவள் நான். அடிபட்டவர் தாண்டினார், அடியே படாதவர் விலகினார். யாரைப் பாராட்டுவது?

இன்னொன்று. என் அக்கா மகளுக்கு 12 வயது. நான்கு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். கொஞ்ச நாளாக மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். "எல்லாருக்கும் வருவதுதான், பழகிவிடும்" என்கிறார் கோச். பெரிய வீராங்கனைகள் எல்லாம் வலியைப் பொறுத்துத்தானே வந்தார்கள் என்று வீட்டிலும் பேச்சு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

ஸ்ட்ரக்கின் அந்தத் தாவலை இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எல்லா மதிப்பெண்களும் வந்தபின் கணக்குப் பார்த்தால், அந்தத் தாவலுக்குக் கிடைத்த 9.712 இல்லாமலேயே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும். தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஸ்ட்ரக்கால் இறங்க முடியவில்லை. 18 வயதில், ஒலிம்பிக்ஸில் அவருடைய கடைசித் தாவலாக அதுவே ஆகிவிட்டது. 1976 மாண்ட்ரியலில் ஜப்பானின் ஷுன் ஃபுஜிமோட்டோ முழங்கால் சில்லு உடைந்ததை மறைத்துக்கொண்டு, வளையத்திலிருந்து குதித்து நின்று 9.7 வாங்கினார். அணிக்குத் தங்கம். மறுபடி அப்படிச் செய்வீர்களா என்று பின்னாளில் கேட்டபோது, மாட்டேன் என்றார் அவர். குதித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, இந்தப் பதில்தான் இல்லை.

பைல்ஸுக்கு அடியே படவில்லை என்கிறீர்கள். அன்று வால்டில் இரண்டரை ட்விஸ்ட் (காற்றில் பம்பரம்போல் உடம்பைச் சுழற்றுவது) சுற்ற வேண்டியவர் ஒன்றரை சுற்றிவிட்டு எப்படியோ காலில் வந்து இறங்கினார். காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஜிம்னாஸ்டுகள் இதை 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். கண்ணும் உட்காதும் தசைகளும் சேர்ந்து தரும் திசையுணர்வு திடீரென்று அறுந்துபோவது. தரையில் நடக்கும்போது அது அறுந்தால் தலைசுற்றி உட்காரலாம். காற்றில் தலைகீழாக இருக்கும்போது அறுந்தால் கழுத்து முறியும். ஒரு வாரம் கழித்து அவர் பீம் என்ற ஒடுங்கிய கட்டைமேல் செய்யும் போட்டிக்கு மட்டும் திரும்பி வந்தார். இறங்கும்போது ட்விஸ்டே இல்லாத இரட்டைக் கரணம் போட்டு வெண்கலம் வாங்கினார். தன்னால் அன்று எது முடியும், எது முடியாது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எலெனா முகினா. 1978 உலக சாம்பியன், சோவியத் யூனியன். 1979இல் கால் முறிந்தது. எலும்பு சரியாகக் கூடுவதற்குள் பயிற்சிக்கு இழுத்து வரப்பட்டார். மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. 1980 ஜூலையில் மின்ஸ்க் நகரில், 'தாமஸ் சால்டோ' என்ற கரணத்தைப் பழகும்போது தாவல் போதுமான உயரம் எழும்பவில்லை. தாடை தரையில் மோதி, கழுத்தெலும்பு முறிந்து, கைகால் செயலிழந்தார். தரையில் கிடந்தபோது, 'அப்பாடா, ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை' என்பதுதான் தன் மனதில் ஓடியது என்று பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். வயது 20. அப்புறம் 26 ஆண்டுகள் அப்படியே இருந்து, 2006இல் இறந்துபோனார். உலக சாம்பியனுக்கு விபத்துதான் விடுப்பாக வர வேண்டியிருந்தது.

மனஉறுதி இருந்தால் எதையும் தாண்டலாம் என்ற பேச்சு எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். உடம்புக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்தால் பெரும்பாலும் அது தானாக ஒட்டாது. உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்துவார்கள். புதிதாக வைத்தது முதலில் வலுவிழந்து, அதற்குள் ரத்தக் குழாய்கள் வளர்ந்த பிறகுதான் மெல்ல இறுகும். அது மிகவும் பலவீனமாக இருப்பது இரண்டு மூன்று மாதங்கள் கழித்து. வேடிக்கை என்னவென்றால் அப்போதுதான் வலி போய், வீக்கம் வற்றி, 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று தோன்றும். குறைந்தது ஒன்பது மாதம் போட்டிப் பக்கம் போகாதே என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இது.

பிரேசிலின் ரெபேக்கா ஆன்ட்ராடே 2015, 2017, 2019 என்று மூன்று முறை அதே வலது முழங்காலில் இந்தக் காலண்டரைக் கடந்தார். கொரோனாவால் டோக்கியோ ஒரு வருடம் தள்ளிப்போனதில் அவருக்கு நேரம் கிடைத்தது. வால்டில் தங்கம், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த ஆல்ரவுண்டில் வெள்ளி. 2024 பாரிஸில், தரைப் பயிற்சியான ஃப்ளோரில் 14.166 எடுத்து, 14.133 எடுத்த பைல்ஸை முந்தினார்.

முழங்கால் ஆறினாலும் பயம் ஆறுவதில்லை. குட்டிக்கரணம்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் நான். மாடிப்படியில் ஒருமுறை கால் பிசகியதற்கே ஆறு மாதம் கைப்பிடியை விடவில்லை. அதனால் 2023இல் பைல்ஸ் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. யுர்சென்கோ டபுள் பைக் என்ற பயங்கரமான வால்ட். தாண்டும்போது பயிற்சியாளர் லோரான் லாண்டி மெத்தையோரம் நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டார். அப்படி நின்றால் 0.5 மதிப்பெண் போகும். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சரி, உங்கள் அக்கா மகள். மணிக்கட்டைச் சாதாரணமாக விடாதீர்கள். மற்ற விளையாட்டுகளில் கால் தாங்கும் எடையை ஜிம்னாஸ்டிக்ஸில் பல நேரம் கைதான் தாங்குகிறது. முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நுனியில், வளரும் வயதில், 'வளர்ச்சித் தட்டு' என்று மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கும். ஓயாமல் அடிபட்டால் அது நைந்துபோகும். 12 வயது அதற்குத் தோதான வயதுதான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், கையில் எடை ஏற்றாமல் இருந்தால் போதும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்று, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு, வலி நிரந்தரமாகிவிடலாம்.

எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டுக் காய மருத்துவரிடமோ காட்டி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எந்தப் பயிற்சியின்போது வலிக்கிறது, வலி எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவளையே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். வலியைப் பற்றி அவளிடம் கோச் இல்லாத இடத்தில் கேளுங்கள். அதுவரை கையை ஊன்றுவது மட்டும் வேண்டாம், வயிற்றுக்கும் காலுக்கும் உள்ள பயிற்சிகளைத் தொடரலாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.