துருவக் கடல் பாசியைப் படிக்கணும் என்கிறாள் மகள்: கோத்தகிரித் தந்தைக்குப் பதில்

வணக்கம் அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூ, செகண்ட் குரூப். நர்சிங், அக்ரி எல்லாம் வேண்டாம், துருவக் கடலில் மிதக்கும் நுண்பாசிகளை ஆராயப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டில் இருப்பது கொஞ்சம் தேயிலைத் தோட்டம். பச்சை இலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்குமா, எவ்வளவு செலவாகும், பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்கட்டும் அண்ணா. ஆனால் எனக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இளநிலையிலேயே 'கடல்' என்று பெயர் போட்ட படிப்பில் சேரக் கூடாது. செகண்ட் குரூப் எடுத்ததால் விட்டுப்போன கணக்குப் பாடத்தை அவள் மறுபடி பிடிக்க வேண்டும்.

முதலில் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். உலகத்தில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உணவில் ஏறக்குறையப் பாதி கடலில்தான் உருவாகிறது. அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த மிதவைப் பாசிகளுடையது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கும் நார்வேயின் நீ-ஆலசுண்ட் என்ற ஊரில், அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியனே எழாது. வெளிச்சம் திரும்பியதும் வசந்தத்தில் சில வாரங்களுக்குள் கடல் முழுக்கப் பாசி பெருகிவிடும். அதைத் தின்று கோப்பிபாட் என்ற இறால் போன்ற மிகச் சிறிய உயிர்கள் வளர்கின்றன, அவற்றைத் தின்று மீன், அதற்கு மேல் சீலும் பறவையும். நார்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலின் காட் மீன்பிடிப்பு முழுக்க இந்தச் சில வாரப் பெருக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது அங்கே பனி குறைகிறது. செயற்கைக்கோள் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வின்படி, 1998-க்கும் 2018-க்கும் இடையில் ஆர்க்டிக் பெருங்கடலில் பாசிகளின் உற்பத்தி 57 விழுக்காடு கூடியிருக்கிறது. பனிக்கு அடியில் இருட்டில் பாசி பெரிதாக வளராது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2011-இல் அலாஸ்காவுக்கு மேலே சுக்சி கடலில், உறைந்த பனிக்குக் கீழேயே பெரிய பெருக்கத்தைக் கண்டார்கள். 2012-இல் மெலோசிரா என்ற பனிப்பாசி, கயிறு கயிறாக வளர்ந்து, பனி உருகியதும் 4,000 மீட்டருக்கும் கீழே கடல் தரையில் போய்க் கிடந்ததைப் பார்த்தார்கள். இன்னும் விடை தெரியாத கேள்விகள் நிறைந்த துறை இது. உங்கள் மகள் போன இடம் தவறான இடமில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். பாசி என்றதும் எல்லோரும் தாவரவியல் என்று நினைத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் பாசி ஏன் திடீரென்று பெருகுகிறது என்பதற்கு 1953-இல் ஸ்வெர்ட்ரூப் என்ற நார்வே கடலியல் விஞ்ஞானி ஒரு விளக்கம் கொடுத்தார். காற்றும் குளிரும் கடல்நீரை எவ்வளவு ஆழம் வரை கலக்குகின்றன, வெளிச்சம் எவ்வளவு ஆழம் வரை போதுமானதாக இருக்கிறது, இந்த இரண்டையும் ஒப்பிடும் சமன்பாடு அது. இன்றுவரை அதை வைத்துச் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் பேச வேண்டுமென்றால் மடக்கையும் (லாகரிதம்) நுண்கணிதமும் (கால்குலஸ்) வேண்டும்.

வேதியியலும் அப்படித்தான். 2009-இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் சேர்ந்து போலார்ஷ்டெர்ன் என்ற ஆய்வுக் கப்பலில் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலுக்குப் போய், 300 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் இரும்புச் சத்தைக் கரைத்தார்கள். அந்தச் சோதனைக்கு லோஹாஃபெக்ஸ் என்று பெயர். இரும்பு கிடைத்தால் பாசி பெருகி, காற்றிலுள்ள கார்பனை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும் என்று எதிர்பார்ப்பு. பாசி பெருகத்தான் செய்தது. ஆனால் கனமான ஓடு கட்டும் டயாட்டம் வகைக்குத் தேவையான சிலிக்கா அந்த நீரில் ஏற்கனவே தீர்ந்துபோயிருந்தது. வளர்ந்ததெல்லாம் சின்னப் பாசி, அதைக் கோப்பிபாட் மேய்ந்துவிட்டது. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். பாசியின் பெயரை மட்டும் தெரிந்தவருக்கு இது புரியாது. நீரின் வேதியியல் தெரிந்தவர்தான் காரணம் சொல்ல முடிந்தது.

ஆகவே என் யோசனை இது. பி.எஸ்சி. தாவரவியலோ வேதியியலோ எடுக்கட்டும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் இருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், கட்டணமும் கையைக் கடிக்காது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கூடவே மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். செகண்ட் குரூப் பிள்ளைகளும் எழுதலாம், ஆனால் கேள்வித்தாளில் கணக்கும் உண்டு. கிடைத்தால் திருவனந்தபுரமோ திருப்பதியோ, ஐந்தாண்டு ஒரே மூச்சில் முடியும். கிடைக்காவிட்டால் ஊட்டிக் கல்லூரி எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை.

கடல் என்ற பெயர் முதுநிலையில் வரட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது, வகுப்பிலிருந்து இறங்கினால் உப்பு நீர். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), கோவா பல்கலைக்கழகம் இரண்டும் நல்லவை. அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அந்த நாளிலிருந்து உங்கள் கையிலிருந்து காசு போகாது.

வெளிநாட்டைப் பற்றி அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். முதுநிலைக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். நார்வேயில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2023 முதல் கட்டணம் வந்துவிட்டது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்வார்கள். முனைவர் பட்டம் வேறு கதை. நார்வேயில் அது சம்பளத்தோடு கூடிய வேலை. நார்வேயின் துரோம்சோ பல்கலைக்கழகமோ, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனிலுள்ள ஆல்ஃபிரட் வெகனர் துருவ ஆய்வு நிறுவனமோ, முதுநிலையை இங்கே நன்றாக முடித்துவிட்டு அப்போது விண்ணப்பிக்கட்டும்.

வேலை விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கோவா வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் அண்டார்க்டிகா, ஆர்க்டிக் பயணங்களை நடத்துகிறது. அங்கே நிரந்தர விஞ்ஞானி இடங்கள் குறைவு. முனைவர் பட்டம் முடித்தும் சில வருடம் திட்டப் பணியில் ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டிவரும், முப்பது வயது தாண்டித்தான் காலூன்ற முடியும். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாசி ஆய்வுத் திறமை துருவத்துக்கு மட்டும் உரியதல்ல. வசந்தத்தில் ஆர்க்டிக்கில் பெருகும் கீட்டோசெராஸ் என்ற டயாட்டத்தின் உறவுக்கார இனங்களைத்தான் நம் கிழக்குக் கடற்கரை இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தொட்டி தொட்டியாக வளர்த்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் கடலின் நிறத்தைச் செயற்கைக்கோளில் பார்த்து மீன் இருக்கும் இடத்தை மீனவர்களுக்குச் சொல்கிறது. அந்த நிறத்துக்குக் காரணம் பாசியின் பச்சையம்தான். 2014-இல் நீ-ஆலசுண்டுக்குப் பக்கத்துக் கடலில் இந்தியா இறக்கிய கண்காணிப்புக் கருவித் தொகுப்பில் நம் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கை இருக்கிறது. நீர்த்தரப் பரிசோதனை, மீன்வள ஆராய்ச்சி, செயற்கைக்கோள் தரவு என்று போக வழிகள் உண்டு. பைத்தான், ஆர் என்ற கணினி நிரல்மொழிகள் தெரிந்த பாசி ஆய்வாளருக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். கணக்கு, கணக்கு என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு ஒரு பெயர் சொல்கிறேன். அதிதி பந்த். நாக்பூரில் பிறந்தவர். கடற்பாசிகளின் உடலியலில் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1983-84-இல் மூன்றாவது இந்தியப் பயணத்தில் புவியியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் இவரும் அண்டார்க்டிகாவில் காலடி வைத்த முதல் இந்தியப் பெண்கள். உங்கள் மகள் ஆசைப்படும் அதே துறை. இன்று அண்டார்க்டிகா போகிறவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டின் ஆவ்லியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனிப் பயிற்சி எல்லாம் முடித்துத்தான் அனுப்புகிறார்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். வருடத்தில் கடலில் இருப்பது சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் ஆய்வுக்கூடமும் கணினியும்.

அந்த ஆய்வுக்கூட வேலை எப்படி இருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் சலித்துப்போகிறார்கள். கடல்நீரை மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி இழைக் காகிதத்தில் வடிகட்டி, அந்தக் காகிதத்தை 90 விழுக்காடு அசிட்டோனில் இரவு முழுக்க இருட்டில் ஊறவைத்து, பச்சையத்தை அளப்பார்கள். எண்ணுவதற்கு எடுத்த நீரில் லூகால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், பால் ஊற்றாத லேசான டீ நிறம் வரும் வரை. ஆய்வுக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கும் அளவே அதுதான். தேயிலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நிறத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு பாசி அடியில் படிய நாள்முழுக்க விட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மணிக்கணக்கில், கழுத்து வலிக்க.

அவளுக்கு இது பிடிக்குமா என்று இப்போதே பார்த்துவிடலாம். உங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், கல்லின் மேல் வழுக்கும் பழுப்புப் படலம் இருக்குமே, அதில் பெரும்பாலும் டயாட்டம்தான். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கொஞ்சம் ஓடை நீரோடு பாட்டிலில் எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகட்டும். தாவரவியல் டீச்சரிடம் கேட்டு, நாற்பது மடங்கு லென்ஸில் வைத்துப் பார்க்கட்டும். படகு வடிவில் கண்ணாடி ஓட்டோடு சில ஊர்ந்துகூடப் போகும். ஒரே கல்லில் எடுத்ததை மழைக்கு முன்னும் பின்னும் எண்ணி நோட்டில் குறித்துவரட்டும். எண்ணுவதில் அவளுக்குச் சலிப்பு வரவில்லை என்றால் பிறகு தயங்க வேண்டாம்.

பொதுத் தேர்வு முடிந்த கையோடு பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். கோடை விடுமுறையில் மடக்கை, சார்புகள், வகையிடல், இந்த மூன்றும் போதும், மற்றதைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம். 'மரைன்' என்று பெயர் வைத்த பட்டத்துக்கு லட்சக்கணக்கில் கட்டச் சொல்லும் தரகர்கள் ரிசல்ட் வந்த வாரத்திலேயே போன் செய்வார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள் அண்ணா.