சாட்டில் வந்த குதிரை: செஸ் ஆட்டத்தை லைவ் போடும்போது எது நியாயம்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆன்லைனில் ரேட்டட் செஸ் ஆடுவான், அதை யூடியூபில் லைவ் போடுவான். முப்பது நாற்பது பேர் பார்ப்பார்கள். போன வாரம் ஒரு ரேபிட் ஆட்டத்தில் அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, சாட்டில் ஒருவர் ‘குதிரையை எஃப்5ல வை தம்பி’ என்று எழுதினார். சில நொடிகளில் இவனும் அதையே ஆடி ஜெயித்துவிட்டான். ‘நான் ஏற்கெனவே பார்த்துட்டேன்பா’ என்கிறான். தோற்றவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட் செய்யப்போவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் பரிசுத்தொகை உள்ள ஓர் ஆன்லைன் போட்டி வருகிறது. அதையும் லைவ் போட ஆசைப்படுகிறான். படம் 30 விநாடி தாமதமாகப் போகும்படி டிலே வைத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். போதுமா?
– வாசகர், முகப்பேர்

போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குதிரையைப் பார்த்துவிடலாம்.

உங்கள் பையன் சொல்வதை நான் நம்புகிறேன். ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு எஃப்5ல் குதிரை வைக்கத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அவன் மண்டைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. வீடியோவில் தெரிவது இவ்வளவுதான்: மூவ் சாட்டில் வந்தது, சாட் அவன் கண்ணெதிரே திறந்திருந்தது, அவன் அதை ஆடினான். அவன் முன்கூட்டியே பார்த்திருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செஸ்ஸில் மூவைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, அதை நம்பிக் கையை வைப்பது மீதிப் பாதி. நாம் நினைத்ததையே இன்னொருவரும் சொன்னால் ஒரு தைரியம் வருகிறதே, அதுவும் உதவிதான்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 11.3.1 இதைத்தான் சொல்கிறது: ஆட்டம் நடக்கும்போது குறிப்பு, தகவல், யோசனை எதையும் பயன்படுத்தக் கூடாது. ஆன்லைன் தளங்களான செஸ்.காம், லிசெஸ் இரண்டும் இதே வழிதான். ஒரு மூவுக்கு நாள் கணக்கில் நேரம் தரும் ஆட்டங்களில் மட்டும் ஓப்பனிங் புத்தகங்களைப் பார்க்கலாம். நல்ல மூவைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரலான என்ஜினுக்கு அங்கேயும் அனுமதி இல்லை. திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பக்கத்தில் நிற்பவர் ‘புலியை அந்தப் பக்கம்...’ என்று வாயைத் திறந்தாலே ஆடுகிறவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து முறைப்பார்கள். லைவில் பக்கத்தில் நிற்பவர்கள் நாற்பது பேர், முறைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது டிலே. இந்த யோசனை நேரடிப் போட்டிகளிலிருந்து வந்தது. 2010ல் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பிரெஞ்சு அணியில் நடந்த மோசடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவர் பிரான்சில் இருந்தபடி இணையத்தில் ஆட்டத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரிடம் மூவ் கேட்டார், அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினார். அரங்கில் இருந்த அணித் தலைவர் எந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பதே ஆட்டக்காரருக்குச் சங்கேதம். இந்த மாதிரி வேலைக்கு டிலே நல்ல பூட்டு. அரங்கத்தில் என்ன நடக்கிறது என்று வெளியாளுக்குத் தெரிய ஒளிபரப்பை விட்டால் வேறு வழியில்லை. 2022 சிங்க்ஃபீல்ட் கோப்பையில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் பாதியில் விலகி, மோசடிப் பேச்சு கிளம்பிய உடனே ஒளிபரப்பை 15 நிமிடம் தள்ளிவைத்ததும் இதனால்தான்.

உங்கள் பையன் ஆடுவது ஆன்லைனில். அந்த ஆட்டத்தைப் பார்க்க யூடியூபே தேவையில்லை. அவன் பெயரைத் தட்டினால் செஸ் தளத்திலேயே, ஒரு விநாடி தாமதம்கூட இல்லாமல், யார் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம். அங்கே பலகையைப் பார்த்துவிட்டு, யூடியூப் சாட்டில் வந்து மூவை எழுதலாம். 30 விநாடி இல்லை, முப்பது நிமிடம் டிலே வைத்தாலும் அந்த மூவ் சுடச்சுட வந்து சேரும். டிலே தடுப்பது வெளியே போகிற படத்தை, உள்ளே வருகிற எழுத்தை அல்ல. இதில் இன்னொரு வேடிக்கை: லிசெஸில் வேடிக்கை பார்க்கிறவர்கள் பேசும் அறை, ஆட்டம் முடியும்வரை ஆடுகிறவர் கண்ணில் படாது. தளம் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவரில், நாமே சாட்டைத் திறந்துவைத்து ஜன்னல் போட்டுக்கொள்கிறோம்.

அதற்காக டிலே வீண் என்று சொல்லவில்லை. அது உங்கள் பையனைக் காப்பாற்றும். லைவ் என்றால் வாய்விட்டு யோசிக்க வேண்டும், ‘அவர் யானையை நகர்த்தினா நான் எச் சிப்பாயைத் தள்ளுவேன்’ என்று சொல்ல வேண்டும், பலகையில் அம்புக்குறி போட வேண்டும். எதிராளி இன்னொரு பிரௌசர் டேபில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால்? மின்னல் வேக பிளிட்ஸ் ஆட்டத்தில் இன்னும் மோசம், எதிராளி ஆடும் முன்பே பதிந்துவைக்கும் ப்ரீமூவ் திரையில் பளிச்சென்று தெரியும். யூடியூபில் ‘அல்ட்ரா லோ லேட்டன்சி’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் படம் ஐந்து விநாடிக்குள் போய்விடும். சாட்டோடு பேசத் தோதாக இருக்கும் என்று பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருப்பார்கள், பாருங்கள்.

எவ்வளவு வைப்பது? 3+2 பிளிட்ஸில், அதாவது ஆளுக்கு மூன்று நிமிடமும் மூவுக்கு இரண்டு விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில், 40 மூவ் ஓடினால், ஒருவருக்குக் கிடைப்பது 180 விநாடியும் கூடுதலாக 80 விநாடியும். சராசரி மூவுக்கு ஆறரை விநாடி. அங்கே 30 விநாடி பின்னால் கேட்பது பெரும்பாலும் பழங்கதை. 15+10 ரேபிட்டில் ஒரே மூவுக்கு மூன்று நிமிடம் உட்காருவான், அதனால் அங்கே ஐந்து நிமிடமாவது வேண்டும். மூவை விடத் திட்டத்துக்கு ஆயுள் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜா பக்கம் தாக்கப்போகிறேன் என்ற தகவல் பத்து மூவ் கழித்தும் கெடாது. யூடியூபில் தருகிற டிலே ஒரு நிமிடத்தைத் தாண்டாது. லைவ் அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ஸ்ட்ரீம் டிலே இருக்கிறது, அங்கே 300 என்று விநாடியில் கொடுக்கலாம்.

சாட்டுக்கு மருந்து ஒன்றுதான்: ஆட்டம் ஓடும்போது அது அவன் கண்ணில் படக் கூடாது. சுருக்கி வைப்பது, ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் ஏமாற்று. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் திறந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லட்டும். யூடியூபில் சில வார்த்தைகளைத் தடுத்து வைக்க முடியும் என்று யாராவது சொல்வார்கள். ‘குதிரை’, ‘ராணி’ என்று தடுத்துப் பாருங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் ஒரு குதிரைக்கு ஐந்து ஸ்பெல்லிங் வைத்திருக்கிறார்கள். பலரும் கோட்டைவிடுவது சூப்பர் சாட்டில். காசு போட்டவர் எழுதியதைக் குரலாக வாசிக்கும்படி அமைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் காதில் மூவ் விழும். அதை அணைத்துவிடுங்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டித் திரை ஓரத்தில் ஏறி இறங்கும் என்ஜின் பட்டையும் ஆகாது. அது மூவ் சொல்லாவிட்டாலும், ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று சொல்லிவிடும். செஸ்ஸில் அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல், 16 வயது ஆகாதவர்கள் யூடியூபில் தனியாக லைவ் வர முடியாது. பெரியவர் ஒருவர் உடன் இருப்பது படத்தில் தெரிய வேண்டும். யூடியூபுக்கு நீங்கள் தெரிய வேண்டும், செஸ்ஸுக்கோ நீங்கள் பக்கத்தில் இருப்பதே சந்தேகம். அதனால் உட்காரும் இடத்தை யோசித்து வையுங்கள். அவன் தோளுக்குப் பின்னால் வேண்டாம். கேமராவில் முகம் தெரிகிற மாதிரி, மானிட்டரின் முதுகு உங்களைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். சாட்டை மட்டும் உங்கள் போனில் வைத்துக்கொண்டு, மூவ் சொல்கிறவர்களை அமைதியாக நீக்கிக்கொண்டிருங்கள். உங்கள் முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது! ராணி வெட்டுப்படப்போகும் நேரத்தில் அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தால் அதுவும் ஒரு செய்திதான்.

பரிசுத்தொகைப் போட்டியைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம்: லைவ் வேண்டாம். ரெக்கார்ட் செய்துவைத்து, சுற்றுகள் முடிந்ததும் நிதானமாகப் பேசிப் போடட்டும். வீடியோவும் நன்றாக வரும். பிடிவாதமாக நின்றால், அமைப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இந்த மாதிரிப் போட்டிகளில் பக்கவாட்டில் இரண்டாவது கேமரா கேட்பார்கள். கையும் திரையும் மேசையும் அதில் தெரிய வேண்டும். சலித்துக்கொள்ளாமல் வைத்துவிடுங்கள். 2020 ஊரடங்கில் ஒரு போட்டிக்கு நடுவராக இருந்தேன். ஒரு பெண் ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு திரை இருக்கிறது என்று முடிவுகட்டி, கேமராவைத் திருப்பச் சொன்னேன். அங்கே அடுப்பு! ‘மூணு விசில் வந்ததும் அணைச்சிடு’ என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போயிருந்தார். இரண்டாவது கேமரா மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை நான் அப்படிக் கலங்கடித்திருக்க மாட்டேன்.

கடைசியாக அந்த ரிப்போர்ட். ஒரே ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு மூவுக்காக கணக்கு மூடப்படும் என்று பயப்பட வேண்டாம். தளங்கள் பல ஆட்டங்களை, மூவ்களின் தரத்தை, எடுத்துக்கொண்ட நேரத்தை எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கின்றன. ஆனால் வீடியோவை அழித்துவிடாதீர்கள், அழித்தால் கதை வேறாகிவிடும். நடந்ததை நடந்தபடி தளத்துக்கு நாமே முதலில் எழுதுவது நல்லது. 2021ல் ஆனந்த் பிரபலங்களோடு ஆடிய நன்கொடை ஆட்டத்தில், ஒரு தொழிலதிபர் வெளியுதவி பெற்றதை மறுநாளே ஒத்துக்கொண்டார். முடக்கப்பட்ட அவர் கணக்கு பிறகு திறக்கப்பட்டது, ஆனந்தும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் பையன் அந்த அளவுக்கெல்லாம் போகவே இல்லை. இனிமேல் மூவ் கண்ணில் பட்டுவிட்டால், சாதாரண ஆட்டமாக இருந்தால் அங்கேயே ரிசைன் செய்துவிட்டு அடுத்ததை ஆடட்டும். போட்டியாக இருந்தால் உடனே நடுவரிடம் சொல்லட்டும்.

தோற்றவருக்கும் ஒரு பதில் போக வேண்டும். ‘சாட் திறந்திருந்தது என் தவறு, இனி மூடிவைப்பேன்’ என்கிற அளவில் இரண்டு வரி போதும். அதை அவனே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக்கொடுக்காதீர்கள்.