இரண்டு கேம்புகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரன் நான். வயது 44. சவூதியிலும் கத்தாரிலுமாக 16 வருடம் எலக்ட்ரீஷியன் வேலை. கொரோனா சமயத்தில் திரும்பி வந்தவன் பிறகு போகவில்லை. இப்போது ஊரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. பெரிய கடன் கிடையாது. மனைவி நல்லவள். மகன் பத்தாம் வகுப்பு.

ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை, டென்ஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள். மகன் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தால்கூட அடிக்கக் கை ஓங்கிவிடுகிறேன். சில ராத்திரிகளில் எதற்கு இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றும். சாயங்காலம் அம்மா ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

மனைவி ஒரு விளம்பரம் காட்டினாள். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஆண்களுக்கு மட்டும் மூன்று நாள் முகாம். மூச்சுப் பயிற்சி, மௌனம், வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது, 'நரம்பு மண்டலத்தைச் சீராக்குவது'. கட்டணம் 18,000 ரூபாய். நீங்கள் இதுபோல ஒன்றுக்குப் போனதாக எங்கோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் கேள்வி இதுதான். 16 வருடம் கேம்பில் ஆண்களோடுதான் கிடந்தேன். ஒரு அறைக்கு எட்டுப் பேர். அங்கே ஆறாதது இங்கே மூன்று நாளில் ஆறுமா? கட்டினவளிடம் சொல்லாததை முகம் தெரியாதவனிடம் சொல்லி அழுவது சரிதானா? இந்த நரம்பு மண்டலப் பேச்செல்லாம் நிஜமா, வியாபாரமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

'எதற்கு இப்படி இருக்க வேண்டும்' என்ற வரியை மகனுக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறீர்கள், யார் கண்ணிலும் படாமல் போகட்டும் என்பதுபோல. என் கண்ணில் பட்டுவிட்டது. முகாமெல்லாம் பிறகு. முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணம் வந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அதே 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அதில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். அதில் எத்தனை பேரை முந்தின நாள் யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள், எத்தனை பேர் "ஒண்ணுமில்ல" என்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இப்போது சாப்பிடுகிற மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முகாமில் யாராவது நிறுத்தச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுங்கள்.

இனி நரம்புக்கு வருகிறேன். நம் ஊர் ஆண்களிடம் இந்தச் சொல்லே கெட்டுப்போய்க் கிடக்கிறது. நரம்பு என்றால் 'நரம்புத் தளர்ச்சி'. அதற்கு லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் வந்துபோகும் வைத்தியர். சுவரில் அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவனிடம் நரம்பு மண்டலம் என்றால் சிரிக்கத்தான் செய்வான். உங்கள் விளம்பரக்காரர்கள் சொல்வது வேறு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நம் உத்தரவுக்குக் காத்திராமல் இதயத்தையும் குடலையும் மூச்சையும் நடத்துகிற தானியங்கி நரம்பு மண்டலம். அதில் ஆபத்து என்றதும் இதயத்தை விரட்டுகிற கிளைக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் 'பரிவு' நரம்பு மண்டலம். பதறவைப்பதற்குப் பரிவு என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். இன்னொரு கிளை எதிர்ப்பரிவு. அதன் பெரிய நரம்பு வேகஸ். பெயரில்தான் வேகம், இதயத்தில் அதன் வேலை வேகத்தைக் குறைப்பது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரையும், வெளியே விடும்போது வேகஸ் அதைப் பிடித்து மெதுவாக்கும். மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் அந்தப் பிடி இறுகும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. இதற்கு மேலே சிலர் 'பாலிவேகல்' என்றொரு மாடி கட்டுவார்கள். வேகஸின் கிளைகளைக் கொண்டே நம் பயத்தையும் நிம்மதியையும் விளக்கப் பார்க்கிற, ஸ்டீஃபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த கோட்பாடு அது. முகாம்காரர்கள் அதை வேதவாக்காகச் சொல்வார்கள். உடலியங்கியல் ஆய்வாளர்களில் பலர் அதன் அடிப்படைகளை ஏற்பதில்லை. விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் அம்மாவின் ஜெபமாலைக்கு ஆதாரமே இருக்கிறது. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் கூட்டாளிகளும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள். அவர்களையே 'ஓம் மணி பத்மே' மந்திரமும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தில் சேர்ந்து ஏறி இறங்கின. ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதியை முடிக்கிற முறை இருக்கிறதே, அதில் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி ஆகிறது. மூச்சு தானாக அதில் போய் அமர்ந்துகொள்கிறது. (நம் ஊரில் சில வீடுகளில் சீரியலுக்கு நேரமாகிவிட்டது என்று அனந்தபுரி எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்வார்கள். அது கணக்கில் வராது.) நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, ஜெபமாலையை நீங்கள் சொல்லவில்லை. சொல்லும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அதிலேயே அடங்கியிருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஒரு உடம்பு இன்னொரு உடம்பின் பக்கத்தில் சும்மா இருப்பதில்லை. அதன் தாளத்தை வாங்கிக்கொள்கிறது. அமைதியை வாங்குவதுபோலவே பதற்றத்தையும் வாங்கும். உங்கள் கேம்பில் எட்டுப் பேர் இருந்தீர்கள். எட்டுப் பேருக்கும் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், சூப்பர்வைசர் பயம், இக்காமா (அங்கே தங்கும் அனுமதி) முடியும் தேதி, ஊரில் கட்டி முடியாத வீடு. நாலு மணிக்கு ஒருவனின் அலாரம் அடித்தால் எட்டு நெஞ்சும் சேர்ந்து அடித்திருக்கும். 16 வருடம் அந்தத் தாளத்தைத்தான் பழகினீர்கள். ஆண்கள் ஒன்றாகக் கிடந்தாலே ஆறிவிடும் என்றால் லேபர் கேம்பும் பட்டாளமும் ஜெயிலும் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே முகாமில் எத்தனை பயிற்சி, எத்தனை வேளை சாப்பாடு என்று பார்க்காதீர்கள். அங்கே அடங்கிய உடம்பு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் போனது 2019 தை மாதம், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில். 13 பேர். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதால் என் கதையை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் படுதோல்வி. புத்தி சொல்லக் கூடாது என்பது அங்கே ஒரே விதி. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் வாயைத் திறந்ததும் மூன்று பேர் "நீ ஒரு காரியம் செய்யி மக்கா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதில் நானும் ஒருவன். ராத்திரி ஒருவர் விட்ட குறட்டையில் மௌனமும் போயிற்று.

நடத்தியவர் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தபோது கட்டிப்பிடிக்கவில்லை, "விடுங்க, எல்லாம் வெளியே வரட்டும்" என்று தூண்டிவிடவும் இல்லை. தன் பாயை இழுத்துக்கொண்டுவந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, தண்ணி வேணுமா என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் நிதானமாக மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அந்த நண்பருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு வட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அடுக்களையில், இரண்டாம் நாள். நாலு பேர் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட் கொட்டகைப் பக்கமிருந்து ஒட்டுப்பால் நாற்றம், மரத்தில் உறைந்த ரப்பர் பாலின் நாற்றம், வந்தது. என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கு கட்டிப் போய் மத்தியானம் அந்த நாற்றத்தோடு திரும்புவார். அவர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. எல்லோரும் மெச்சினார்கள். பிறகு ஒரு நாள் அழகியமண்டபம் ஜங்ஷனில் பஸ்ஸுக்குள் வைத்து, உங்களுக்கு இரண்டு மணிக்கு வருவது எனக்கு வந்தது. அதையெல்லாம் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, கத்தியும் நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவர் உரித்த கிழங்குகளை என் பக்கமிருந்து தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் 1990-களிலிருந்து ஆண்களுக்கென்று தச்சுப் பட்டறைபோல 'மென்ஸ் ஷெட்' வைத்திருக்கிறார்கள். கையில் வேலை இருந்தால், எதிரே முகம் இல்லாவிட்டால், ஆணுக்கு வாய் திறக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். உங்கள் முகாமில் சமையலும் பாத்திரம் கழுவலும் ஆட்களை வைத்து நடந்தால் அது எனக்குக் குறையாகத்தான் தெரியும்.

கூடிச் செய்வதில் உடம்புக்கு ஏதோ கிடைக்கிறது என்பது சிவராத்திரிக்கு எங்கள் பக்கம் நடக்கும் சிவாலய ஓட்டம் ஓடியவர்களுக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தபோது நான் ஓடியிருக்கிறேன். முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறி, வாயில் 'கோவிந்தா கோபாலா'. தனியாக ஓடச் சொன்னால் திக்குறிச்சி தாண்டியிருக்க மாட்டேன். 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனியாகத் துடுப்புப் போட்டபோதும் சேர்ந்து போட்டபோதும் உழைப்பு ஒரே அளவு. முடிந்ததும் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கிப் பார்த்தால், சேர்ந்து போட்ட நாளில் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். 12 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனால் வில்லுக்குறி, தக்கலைப் பக்கம் அந்த ராத்திரியில் ஓடிய கால்கள் அதை நம்பும்.

மனைவியிடம் சொல்லாததைப் பற்றிக் கேட்டீர்கள். 16 வருடம் போனில் அவளிடம் ஒரே வாக்கியத்தைத்தானே சொன்னீர்கள், "நான் சுகமா இருக்கேன்" என்று. உச்சி வெயிலில் மயங்கி விழுந்த அன்றும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். பொய்யென்று சொல்லமாட்டேன், அது உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி. அந்த வாக்கியத்தை அவள் முன்னால் உடைப்பது கஷ்டம். முகம் தெரியாதவன் முன்னால் உடைப்பதற்கு விலை குறைவு. அங்கே உடைத்துப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் பாதியாவது சொல்லுங்கள். அவளுக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியதே அவள்தானே.

அழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அழாமல் திரும்பியவர்களும் உண்டு. நான் திரும்பி வந்து நாலு நாள் பஞ்சுபோல இருந்தேன். ஐந்தாம் நாள் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டை. மூன்று நாளில் ஆறாது தம்பி. கத்தோலிக்கர்கள் இதற்கு 'ஞான ஒடுக்கம்' என்று அருமையான பெயர் வைத்திருக்கிறார்கள், அதையும் வருடா வருடம் செய்யத்தான் சொல்கிறார்கள். குடியை விட்டவர்களின் கூட்டத்தைப் பாருங்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது, வாரா வாரம் நாற்காலி போட்டு உட்காருவதுதான் வைத்தியம். 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, குடியை அறவே விட்டு நிற்பதில் அந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பெரும்பாலும் மேல் என்றது.

18,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கும் முன் நடத்துபவரிடம் பேசுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தற்கொலை எண்ணம் உண்டா என்று அவர் கேட்கிறாரா பாருங்கள். கேட்காதவரிடம் போகாதீர்கள். வேகவேகமாக மூச்சிழுக்கச் சொல்லி ஆளை மயக்குகிற பயிற்சி என்றால், படபடப்புள்ள உங்களுக்கு வேண்டாம். வீடியோ எடுத்து அடுத்த விளம்பரத்துக்குப் போடுகிறவர்களும் வேண்டாம். பத்து நாள் பேசாமல் தியானத்தில் இருக்கும் விபாசனாவை யாராவது சொன்னால், நல்லதுதான், கட்டணமும் கிடையாது, ஆனால் இப்போது உங்களுக்குத் தேவை மௌனமில்லை. அதில் 16 வருடம் தேறியிருக்கிறீர்கள்.

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு நண்பரின் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை இருக்கிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஆறேழு பேர் அங்கே கூடுகிறோம். அந்த மலையில் சந்தித்தவர்கள் மூன்று பேர், பிறகு வந்து சேர்ந்தவர்கள் மீதி. ஒக்கிப் புயலில் படகும் ஆளும் போன கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் வருவார். மீன் கொண்டுவருவார், பேசமாட்டார். வழி தனியாக எழுதுகிறேன். மரச்சீனியும் கருப்பட்டிக் காப்பியும் உண்டு, கிழங்கு நீங்களும் உரிக்க வேண்டும். மழை வந்தால் தகரக் கூரையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவோம்.