நிழலுக்கு வாங்கும் கூலி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளாக மாலை நேரங்களில் காகிதச் சிற்பம் செய்துவருகிறேன், பெரும்பாலும் பறவைகள். அண்மையில் சிலர் அவற்றைப் பணம் கொடுத்தே வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து, வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யலாமா என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது. வீட்டிலோ, "காகிதம் எத்தனை நாளைக்கு இருக்கும்? அதை நம்பியா வாழப்போகிறாய்?" என்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவரின் நாள் எப்படிப் போகிறது, வருமானம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுத வேண்டும். கடைசியாகச் செய்த நாரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் வீட்டார் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காகிதம் நிலைக்குமா என்பது ஒன்று. காகிதத்தை நம்பியவர் நிலைப்பாரா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. செய்தித்தாள் சில மாதங்களில் பழுப்பேறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாக் காகிதத்தையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். அதைப் பழுப்பாக்குவது, மர இழைகளைப் பிணைத்து நின்று மரக்கூழிலும் தங்கிவிடும் லிக்னின் என்ற பொருள். நொறுங்க வைப்பது அமிலம். லிக்னின் நீக்கிய, அமிலமற்ற காகிதமும் பருத்தி இழைக் காகிதமும் வெயிலும் ஈரமும் படாமல் இருந்தால் நம் ஆயுளைத் தாண்டி நிற்கும். மேரி டெலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் 72-ஆம் வயதில், 1770-களின் தொடக்கத்தில், வண்ணக் காகிதத்தை மெல்லிய துணுக்குகளாக வெட்டிக் கறுப்புப் பின்புலத்தில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில் அவர் முடித்தவை ஏறத்தாழ ஆயிரம். அவற்றைச் சிற்பம் என்று சொல்ல முடியாது, ஒட்டுவேலைதான். ஆனால் இரண்டரை நூற்றாண்டு கடந்து அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் உண்மையானது. அதற்குத் தொழிலின் அன்றாடத்தைச் சொன்னால்தான் விளங்கும். எட்டு மணி நேரம் உழைக்கும் நாளில் என் கையில் கத்தி இருப்பது மூன்று மணி நேரம் என்றால் அது நல்ல நாள். மீதி நேரம் வரைபடம் போடுவதிலும், மலிவான தாளில் மாதிரி செய்து பார்ப்பதிலும், வாடிக்கையாளருக்கு விலை எழுதி அனுப்புவதிலும், செய்து முடித்ததை எப்படிப் பெட்டியில் அடைப்பது என்று தலையைச் சொறிவதிலும் போய்விடும். வெட்டத் தொடங்கும் முன்பு ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்ப்பேன். இயந்திரத்தில் காகிதம் உருவாகும்போது இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், கனத்த தாளாக இருந்தால் மடிப்பின் முதுகில் வெடிப்பும் விடும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவருக்குப் பெரிய சூரியகாந்தி ஒன்று செய்தேன். தாளை மிச்சப்படுத்துவதாக நினைத்து, இழையோட்டத்தைப் பாராமல், இதழ்களை நீளவாக்கிலும் குறுக்கிலும் கலந்து வெட்டியிருந்தேன். ஈரக் காற்று பட்டதும் இழைகள் பருமனில்தான் அதிகம் உப்பும், நீளத்தில் அவ்வளவு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாட்டிய பத்தாவது நாள் மழை பிடித்தது. பாதி இதழ்கள் உள்ளே சுருண்டன, பாதி பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டன. பூ, காற்றில் கலைந்த தலைபோல் நின்றது. கைக்காசைப் போட்டு மறுபடி முழுவதையும் செய்து கொடுத்தேன்.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளை வெண்மையாகவும் வழவழப்பாகவும் ஆக்கச் சுண்ணாம்புப் பொடியும் வெண்களிமண்ணும் சேர்க்கிறார்கள். பிளேடின் முனையை மழுக்குவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. மழுங்கிய முனை வெட்டாது, இழுக்கும். ஓரத்தில் பஞ்சு போல் இழை எழும்பும். மடிப்புக்காகத் தாளின் பாதி ஆழத்துக்கு மட்டும் கோடு கீறும்போது, மழுங்கிய பிளேடை அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும். இந்தத் தொழிலில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் பிளேடு என்பேன். மணிக்கட்டும் கழுத்தும் அதற்கு அடுத்தவை. அவற்றை மாற்ற முடியாது என்பதால் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள்.

இனி வருமானம். வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளைத் தாளால் செய்த பறவையைப் பார்க்கிறவர் உண்மையில் பார்ப்பது நிழலைத்தான். பக்கத்திலிருந்து விளக்கைப் போட்டால் பறவை எழும். நேர் எதிரே போட்டால் தட்டையாகிவிடும். ஆகவே இந்தக் கலை நெடுங்காலமாக நிழற்படத்தை ஒட்டியே பிழைத்துவந்திருக்கிறது. விளம்பரத்துக்கும் பத்திரிகை அட்டைக்கும் சிற்பம் செய்வார்கள், ஒளியமைத்துப் படம் எடுப்பார்கள், பிறகு சிற்பம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கடைகளின் கண்ணாடிக் காட்சிக்குச் செய்வதும் அப்படித்தான். பருவம் முடிந்தால் பிரித்து எறிவார்கள். சட்டமிட்டு வீட்டில் மாட்ட வாங்குகிறவர்கள் மூன்றாவது வகை. உங்களிடம் இதுவரை வாங்கியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். தொழிலாக எடுத்துக்கொண்டால் இவர்களை மட்டும் நம்ப முடியாது என்பது என் அனுபவம். முதல் இரண்டு வகையினரிடம் போகும்போது, சிற்பம் யாருக்குச் சொந்தம், படம் யாருக்குச் சொந்தம், படத்தை எத்தனை காலம், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாதிரி செய்வதற்கு முன்பே முன்பணம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வேலையை விடும் யோசனைக்கு வருகிறேன். ஜப்பானின் அகிரா யோஷிஸாவா 1930-களிலேயே தொழிற்சாலை வேலையை விட்டுக் காகிதம் மடிக்கும் கலைக்கு வந்தவர். வீடு வீடாக உணவுப்பொருள் விற்றுக் காலம் தள்ளினார். 1952-இல் ஒரு படப் பத்திரிகை ராசிச் சின்னங்கள் பன்னிரண்டையும் மடித்துத் தரச் சொல்லி, அவற்றைப் படமெடுத்து வெளியிட்ட பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. இந்தக் கதையை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உறைப்பது இடையில் கிடக்கும் ஆண்டுகளின் நீளம். அவற்றை எதைக் கொண்டு நிரப்புவது என்று தெரிந்த பிறகு வேலையை விடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

நீங்கள் கணக்கு அறிந்தவர் என்பது பெரிய வசதி. எங்களில் பலருக்கு வாய்க்காதது. அடுத்த மூன்று சிற்பங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வரைந்த நேரம், மாதிரி செய்த நேரம், வெட்டிய நேரம், ஒட்டிவிட்டுக் காய்வதற்காகக் காத்திருந்த நேரம், பேசிய நேரம் எல்லாவற்றையும் எழுதி, கிடைத்த தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்களைச் சிரிக்க வைக்கும். இப்போதைய சம்பளத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வருகிறதோ அதில் பாதியையாவது தொடும்வரை உங்கள் விலை தவறு.

நாரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து அருமை. வால் இறகுகள் வளையும் இடத்தில் மட்டும் சிறு சிறு முறிவுகள் தெரிகின்றன. தாளில் அதிகம் கொள்ள வேண்டும் என்று அவற்றை இழையோட்டத்தின் நீளவாக்கில் வெட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுநரம்பு மடிப்பு இல்லாத இறகுகளைக் குறுக்குவாக்கில் வெட்டிப் பாருங்கள், முறியாமல் வளையும். தாள் கொஞ்சம் கூடுதலாக வீணாகும்; அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.